பதினோரு துண்டு மாடியறை

அந்தத் தொழிற்சாலையில் கொள்முதல் அதிகாரியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே ‘சார்’, முதுகுக்குப் பின்னால் ‘மூணு விலை’. ஒரு பெட்டி குண்டூசி வாங்குவதென்றாலும் மூன்று கடையில் விலை கேட்டு, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எது குறைவோ அதைச் சுற்றி வட்டம் போட்டு, கீழே கையெழுத்து வைத்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. குண்டூசி வாங்க அதைவிட நல்ல வழியை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அதே வழியில் வீட்டு மாடியில் ஓர் அறையும் கட்டிவிடலாம் என்று மனிதர் கிளம்பினார் பாருங்கள், அங்கேதான் வினை ஆரம்பித்தது.

அறை அவருக்கு அல்ல, அவர் மனைவிக்கு. தையல்காரம்மா என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர்கள் இல்லை. நாலு தெரு தள்ளி ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, ஆறு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, நர்சுகளுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் இருபத்திரண்டு வருஷமாகச் சீருடை தைத்துக்கொடுக்கிறார். ஒருநாள் கொட்டகைக்காரர் வந்து, இடத்தை இடித்துக் கடை கட்டப்போவதாகவும், நூற்றிருபது நாளில் காலி செய்து தரும்படியும் சொல்லிவிட்டுப் போனார். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். ஆனாலும் தேதி தேதிதான்.

அந்தத் தேதிக்கு மறுநாளே பள்ளித் திறப்புக்கான சீருடை ஆர்டரைத் தொடங்கியாக வேண்டும். அதற்குள் மாடியில் அறை எழும்பாவிட்டால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும். ஆர்டர் போனால் அந்த ஆறு பெண்களும் பிழைப்புக்கு வேறு இடம் பார்க்கவேண்டியதுதான். இருபத்திரண்டு வருஷத் தொழில், மெஷின்களோடு சேர்ந்து வீட்டுக் கூடத்தில் துணிபோட்டு மூடிக் கிடக்கும்.

“ஒரு ரூம்தானே. என்கிட்ட விட்டுடு,” என்றார் மூணு விலை.

“யாராவது ஒருத்தர்கிட்ட மொத்தமா கொடுத்துடலாமே. அவர் பாத்து கட்டிக் கொடுத்துடுவார்,” என்றார் தையல்காரம்மா.

“மொத்தமா கொடுத்தா மொத்தமா ஏமாத்துவான்.”

இதை ஆபீசில் அவர் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் புதிதாகத் தோன்றியதுபோலச் சொல்வார். கட்டடம் கட்டுவது தனக்குத் தெரியாத விஷயம், தெரிந்தவர் சொல்கிறார் என்று தையல்காரம்மாவும் விட்டுவிட்டார். மூணு விலைக்கும் தெரியாது என்பது அப்போது இரண்டு பேருக்குமே தெரியாது.

மூணு விலை அறையைப் பதினோரு துண்டாக வெட்டினார். செங்கல் ஒரு துண்டு. மணல், ஜல்லி, சிமெண்ட், கம்பி என்று தனித்தனித் துண்டு. கொத்து வேலைக்குக் கூலி மட்டும் ஒரு துண்டு. கூரைக்குப் பலகை முட்டுக்கொடுக்கும் சென்ட்ரிங், மின்சாரம், ஜன்னல், தரை, வர்ணம். ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பேரிடம் ஒட்டிய உறையில் விலை கேட்டார். உறைகளைப் பிரிக்க ஒரு குழு அமைத்தார். தலைவர் அவரே. உறுப்பினர்கள் தையல்காரம்மாவும், அவருடைய தம்பியும். தம்பி தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சரியாக மூன்று மணிக்குச் சாப்பாட்டு மேசைமேல் உறைகள் பிரிக்கப்படும். இரண்டே முக்காலுக்கு வந்த உறை ஏற்றுக்கொள்ளப்படும், மூன்று ஐந்துக்கு வந்தது பிரிக்காமலே திருப்பி அனுப்பப்படும். ஒருமுறை மணல்காரர் மூன்று பத்துக்கு வந்து, குறைந்த விலையை வாயால் சொல்லிப் பார்த்தார். மூணு விலை காதைப் பொத்திக்கொண்டார்.

“மாமா, நமக்குத்தானே லாபம்,” என்றார் மச்சான்.

“நடைமுறைன்னு ஒண்ணு இருக்குல்ல.”

“நம்ம வீட்டுச் சாப்பாட்டு மேசையிலயா?”

“எந்த மேசையா இருந்தா என்ன? கையெழுத்துப் போடு.”

மச்சான் கையெழுத்துப் போட்டார். தையல்காரம்மாவும் போட்டார். மேசை காலியானால்தான் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காய் நறுக்க முடியும்.

வரைபடத்துக்கு ஒரு வரைவாளரைப் பிடித்தார், அதுவும் மூன்றில் குறைந்தவரைத்தான். மூன்று பக்கத்தில் வரைந்து கொடுத்தார் அவர். மூணு விலை அதை மச்சான் கடைக்குக் கொண்டுபோய், யாருக்கு எந்தப் பக்கம் தேவையோ அந்தப் பக்கத்தை மட்டும் நகல் எடுத்து விநியோகித்தார். ஒரு வியாபாரிக்கு அவன் வேலைக்கு மேற்பட்ட தகவலைக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் விலையை ஏற்றுவான் என்பது ஆபீஸ் பழக்கம். சுவர் பக்கம் மேஸ்திரிக்குப் போயிற்று. ஜன்னல் பக்கம் ஜன்னல் பட்டறைக்குப் போயிற்று. மூன்றாவது பக்கத்தில் படம் எதுவும் இல்லை, நாலைந்து வரி குறிப்பு மட்டும் இருந்தது. பதினோரு துண்டில் எதிலும் அது சேராததால் பத்திரமாகக் கோப்புக்குள்ளே போயிற்று.

கொத்து வேலைக்கு அமைந்த மேஸ்திரிக்கு ரசமட்டம் என்று பெயர். கல் வைத்தாலும் சரி, டீ கிளாசை வைத்தாலும் சரி, மட்டம் பார்த்துத்தான் வைப்பார் என்பதால் கூட்டாளிகள் வைத்த பெயர் அது. ஆள் ஒல்லி, பேச்சு அதைவிட ஒல்லி. நாலு ஆட்களோடு வந்து, “பொருள் எல்லாம் நீங்க தரீங்க, நான் கட்டுறேன். அவ்வளவுதானே சார்?” என்று கேட்டுக்கொண்டார்.

“அவ்வளவுதான்.”

“சரி,” என்றார் ரசமட்டம். அந்தச் சரியில் ஒரு சந்தேகம் இருந்ததை மூணு விலை கவனிக்கவில்லை.

முதல் செங்கல் மாடி ஏறியபோது முப்பத்திரண்டு நாள் கழிந்திருந்தது. செங்கல் வந்த அன்று மணல் வரவில்லை. மணல் வந்த அன்று ரசமட்டத்தின் ஆட்கள் வேறொரு வேலைக்குப் போயிருந்தார்கள். சும்மா உட்கார வைத்துச் சோறு போட முடியுமா? அவர்கள் திரும்பி வந்தபோது சிமெண்ட் இரண்டு மூட்டைதான் மிச்சம். மூணு விலைக்கு இந்தத் தாமதம் எதுவும் தாமதமாகவே தெரியவில்லை. ஒவ்வொரு துண்டையும் அவர் வாங்கிய விலையைப் பார்த்தால் வயிறு குளிர்ந்தது. ஆபீசில் போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்திச் செங்கல் விலையைச் சொன்னார். தையல்காரம்மா மட்டும் கொட்டகையிலிருந்து சாயங்காலம் வந்ததும் நேரே மாடிக்குப் போய், நேற்றைய சுவர் இன்றைக்கு எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு இறங்கி வருவார். பல நாள் சுவர் உயர்ந்திருக்காது.

அறுபத்தெட்டாவது நாள்தான் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது.

அதற்கு ஒரு வாரம் முன்பே சுவர் கூரை மட்டத்துக்கு வந்து, சென்ட்ரிங்காரர் பலகை அடித்துவிட்டார். அதன்மேல் கம்பி கட்டி, கான்கிரீட் போட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் கான்கிரீட் போடுவதற்கு முன்னால் மின்விசிறிக்கும் விளக்குக்கும் ஒயர் போகிற குழாய்களைக் கம்பியோடு சேர்த்துக் கட்டியாக வேண்டும். மின்சாரத்துக்கு இன்னும் ஆள் முடிவாகவில்லை. வந்த மூன்று உறையில் ஒன்றில் கையெழுத்து இல்லை. மூன்று இருந்தால்தான் ஒப்பிட முடியும் என்று மூணு விலை மறுபடியும் உறை கேட்டிருந்தார். பலகைக்குப் பேசிய வாடகை ஏழு நாள். எட்டாம் நாள் காலையில் சென்ட்ரிங்காரர் ஆட்களோடு வந்து, இன்னொரு இடத்தில் வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று பலகையைக் கழற்ற ஆரம்பித்தார். அதே நேரம் பார்த்து ஜன்னல் பட்டறைக்காரர் நாலு ஜன்னலையும் வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்.

மாடிப்படியோ குறுகலானது, நடுவில் ஒரு திருப்பம் வேறு. பலகை மேலிருந்து இறங்கியது, ஜன்னல் கீழிருந்து ஏறியது. இரண்டும் திருப்பத்தில் சந்தித்துக்கொண்டன. நீ பின்னால் போ, நான் ஏன் போகவேண்டும் என்று இரண்டு தரப்பும் கால் மணி நேரம் நின்றன. அன்றைக்கு லீவு போட்டிருந்த மூணு விலை இரண்டுக்கும் கீழே நின்றுகொண்டு, யாருக்கு முன்னுரிமை என்று யோசித்தார். அதற்கு எந்தக் காகிதத்திலும் விதி இல்லை.

ஒருவழியாக ஜன்னல் மேலே போனதும் ரசமட்டம் அளவு நாடாவை நீட்டிப் பார்த்தார். பிறகு சுவரில் விட்டிருந்த இடத்தை அளந்தார். பிறகு டீயை எடுத்துக் குடித்தார்.

“என்ன மேஸ்திரி?” என்றார் மூணு விலை.

“ஜன்னல் அஞ்சடி சார். சுவர்ல எடம் நாலரை.”

“ஏன் நாலரை விட்டீங்க?”

“எனக்குக் குடுத்த காகிதத்துல நாலரைன்னு இருக்கு.”

“எனக்குக் குடுத்ததுல அஞ்சுன்னு இருக்கு,” என்றார் ஜன்னல்காரர். இரண்டு பேரும் நகலை எடுத்துக் காட்டினார்கள். இரண்டு பேர் சொன்னதும் உண்மை.

மூணு விலை வரைவாளருக்குப் போன் போட்டார். மறுமுனையில் குரல் பதறவே இல்லை. “ஆமா சார். வெளிச்சம் பத்தாதுன்னு கடைசியில ஜன்னல அஞ்சடியா மாத்தினேன். சுவரையும் அதுக்கேத்த மாதிரி விடணும்னு மூணாம் பக்கத்துல எழுதியிருக்கேனே. மேஸ்திரிக்கு மூணு பக்கமும் குடுத்தீங்கல்ல?”

மூணு விலை போனை வைத்துவிட்டார். பலகை வண்டியில் ஏறிப் போய்விட்டது. ஜன்னல்காரர் ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். ரசமட்டம் ஆட்களைப் பார்த்து, “நாளைக்கு நம்ம வேற சைட்டுக்குப் போவோம்,” என்று சொல்லிவிட்டு, மூணு விலைக்கு ஒரு தலையசைப்போடு இறங்கிப் போனார். கூரையில்லாத நாலு சுவருக்கு நடுவே, சாய்த்து வைத்த நாலு ஜன்னலோடு மூணு விலை தனியாக நின்றார்.

தையல்காரம்மா சாயங்காலம் வந்து பார்த்தார். சண்டை போட்டிருந்தால் மூணு விலைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தையல்காரம்மா சண்டை போடவில்லை. ஒரு ஜன்னல் சட்டத்தைத் தடவிக் கொடுத்துக்கொண்டே, “எனக்குத் தெரியாமத்தான் கேக்குறேன். இது உங்க ஃபேக்டரியா இருந்தா, வேலை லேட்டானதுக்கு யாருக்கு லெட்டர் போடுவீங்க?” என்றார்.

“அது... பாத்துச் சொல்றேன்.”

“பாத்துச் சொல்லுங்க. இன்னும் அம்பத்திரண்டு நாள் இருக்கு. நான் அந்த ஆறு பேருகிட்டயும் இன்னும் ஒண்ணும் சொல்லல. சொல்லணுமா வேண்டாமான்னு எனக்குத் தெரியணும்.”

மறுநாள் காலையில் மூணு விலை கோப்பை மேசைமேல் விரித்தார். செங்கல்காரர் சொன்ன நாளில் கொடுத்திருக்கிறார். மணல்காரரும் அப்படியே. ஏழு நாள் வாடகை என்று எழுதிக்கொடுத்த சென்ட்ரிங்காரர் ஏழு நாளும் பலகையை விட்டுத்தான் வைத்திருந்தார். ஜன்னல் காகிதப்படி அங்குலம் பிசகாமல் இருக்கிறது. சுவரும் அப்படியே. பதினோரு துண்டிலும் துருவித் துருவிப் பார்த்தார். ஒருத்தர்மேலும் விரல் நீட்ட முடியவில்லை. ஒருத்தர் விட்ட இடத்துக்கும் அடுத்தவர் தொடங்குகிற இடத்துக்கும் நடுவில்தான் அறுபத்தெட்டு நாளில் பாதி விழுந்து தொலைந்திருந்தது. அந்த நடு இடம் யாருடையது? அதை எந்த உறையிலும் யாரும் விலை சொல்லி எடுத்துக்கொள்ளவில்லை. அப்படியென்றால் அது அவருடையது. இரண்டு மாதமாக இந்த வேலைக்குக் காண்ட்ராக்டர் அவரேதான். தனக்கே தெரியாமல் தன்னை நியமித்திருக்கிறார், அதுவும் விலை கேட்காமல்.

மனிதர் விதிக்குக் கட்டுப்பட்டவர், அதைச் சொல்லத்தான் வேண்டும். அலமாரியிலிருந்து ஆபீசின் ஒப்பந்ததாரர் தகுதிப் படிவம் ஒன்றை எடுத்து, தன் பெயரை மேலே எழுதி, நேர்மையாகப் பூர்த்தி செய்ய உட்கார்ந்தார். கடந்த ஐந்து வருஷத்தில் செய்த இதேபோன்ற வேலைகள்: இல்லை. அதற்கு முன்பு: இல்லை. ஆட்பலம்: மனைவியின் தம்பி, அவரும் கடை மூடிய பிறகு. வாரத்தில் வேலையிடத்தில் இருக்கும் நாட்கள்: ஒன்று. தொடர்புடைய பயிற்சி: இல்லை. கீழே முடிவு எழுதுகிற கட்டத்தில் சிவப்பு மையால் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் கூடவே தோளிலிருந்து ஒரு மூட்டை சிமெண்டை இறக்கி வைத்த மாதிரியும் இருந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டு ரசமட்டத்தைத் தேடிப் போனார்.

ரசமட்டம் மூன்று தெரு தாண்டி ஒரு வீட்டில் சாரத்தின்மேல் நின்று சுவர் பூசிக்கொண்டிருந்தார். மூணு விலை கீழே நின்று அண்ணாந்து பேசவேண்டியிருந்தது.

“மேஸ்திரி, மொத்த வேலையையும் நீங்களே எடுத்துக்குங்க. ஆள், பொருள், கரண்ட், தரை, எல்லாம்.”

கரண்டி நிற்கவில்லை. “பாதியில எடுத்தா அடுத்தவன் செஞ்ச தப்பும் என் தலையிலதான் விழும் சார்.”

“அடுத்தவன் தப்பு ஒண்ணும் இல்ல. எல்லாம் என் தப்பு. பாத்துட்டேன்.”

இப்போது கரண்டி நின்றது. ரசமட்டம் குனிந்து அவரைப் பார்த்தார். இருபது வருஷத் தொழிலில் எந்த வீட்டுச் சொந்தக்காரரும் அவரிடம் இப்படிச் சொன்னதில்லை போலும். “எவ்வளவு நாள்ல வேணும்?”

“அம்பத்தொரு நாள்.”

“முடியும்,” என்றார் ரசமட்டம், கொஞ்சம் யோசித்து.

“ரொம்ப சந்தோஷம். அப்ப வேற ரெண்டு பேர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு...” என்று ஆரம்பித்துவிட்டார் மூணு விலை. வாய்ப் பழக்கம். ரசமட்டம் சுவர் பக்கம் திரும்பி, கலவையை அள்ளி அப்பினார்.

“இல்ல, கேக்கல. யார்கிட்டயும் கேக்கல. நீங்கதான்,” என்றார் மூணு விலை அவசரமாக.

ரசமட்டம் சாரத்திலிருந்து இறங்கி வந்து கையைக் கழுவினார். “அந்தப் படம் எத்தனை பக்கமோ அத்தனையும் எனக்கு வேணும் சார். கரண்டுக்கு என் தங்கச்சி வீட்டுக்காரர் வருவார், பலகைக்கும் என் ஆளுதான். அவங்க சரியா செய்யலைன்னா நீங்க என்னைக் கேளுங்க. அப்புறம் இன்னொண்ணு. நாளைக்குக் காலையில அம்மா மாடிக்கு வரணும்.”

“அவ எதுக்கு?”

“அந்த ரூம்ல உக்காந்து வேலை செய்யப்போறது அவங்கதானே? இத்தனை நாள்ல அவங்கள ஒரு வார்த்தை யாரும் கேக்கலையே.”

மூணு விலைக்கு உடனே ஒரு பதில் தயாராக இருந்தது. குழுவில் அவளும் ஓர் உறுப்பினர், எல்லா உறைக்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள் என்று. சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் விட்டார்.

மறுநாள் காலை கூரையில்லாத அறையில் எல்லாரும் கூடினார்கள். ரசமட்டம், தங்கை வீட்டுக்காரரான மின்சாரக்காரர், பலகைக்காரர், முந்தாநாள் வந்த ஜன்னல்காரர் எல்லாரும் மணல் குவியல்மேலும் செங்கல் அடுக்குமேலும் உட்கார்ந்திருந்தார்கள். தையல்காரம்மா சுண்ணாம்புக் கட்டியும் இஞ்ச் டேப்பும் எடுத்துக்கொண்டு வந்தார். முதலில் கொஞ்சம் தயங்கினார். பிறகு குனிந்து தரையில் ஒரு மெஷினின் அளவுக்குக் கட்டம் போட்டார். அதன் பின்னால் ஆள் உட்காருகிற இடம். அடுத்து இன்னொன்று. ஐந்து நிமிஷத்தில் ஆறு மெஷினும் தரையில் வந்துவிட்டன.

“வெளிச்சம் இடது பக்கத்துலேருந்து வரணும். வலது பக்கம் வந்தா கை நிழல் ஊசிமேல விழும்,” என்றார். “அயர்ன் பண்றது இந்த மூலையில. சூடு மத்தவங்கமேல படக்கூடாது. பிளக் பாயிண்ட் எத்தனை வெச்சிருக்கீங்க?”

“வரைபடத்துல ரெண்டு. கதவுகிட்ட,” என்றார் மின்சாரக்காரர்.

“ஆறு மெஷினுக்கு ரெண்டா? அப்புறம் ஒயர் எல்லாம் காலுக்கடியில கெடக்கும். யாராவது ஒருத்தி விழுவா.”

மின்சாரக்காரர் பென்சிலால் சுவரில் ஆறு இடத்தில் குறி போட்டார். மூணு விலை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பாயிண்ட்டுக்கு விலை கேட்டு, மூன்றையும் ஒப்பிட்டு, கையெழுத்தில்லாத உறைக்காக ஒன்பது நாள் காத்திருந்ததை நினைத்துக்கொண்டார். இரண்டு என்று முடிவு செய்தது யார் என்று அவருக்கே ஞாபகம் வரவில்லை.

“வெட்டுற மேசை எட்டுக்கு நாலு. அது இந்தப் பக்கம் வரும்,” என்றார் தையல்காரம்மா.

ரசமட்டம் எழுந்து மாடிப்படிக்குப் போனார். திருப்பத்தை நீளவாக்கிலும் குறுக்கிலும் அளந்துவிட்டுத் திரும்பி வந்தார். “படியில ஏறாதும்மா. கொட்டகைக்குள்ள எப்படிக் கொண்டு போனீங்க?”

“மேசையைப் போட்டுட்டுத்தான் சுத்தித் தகரம் அடிச்சாங்க.”

எல்லாரும் சிரித்துவிட்டார்கள், மூணு விலை உட்பட. சிரிக்கும்போதே அவருக்கு ஒன்று உறைத்தது. இதை இன்று கேட்காமல் விட்டிருந்தால், அறை முடிந்து, வர்ணம் அடித்து, மேசையைத் தூக்கி வந்து திருப்பத்தில் நின்றிருப்பார்கள்.

ரசமட்டம் தெருப்பக்கச் சுவரைப் பார்த்தார். “ஜன்னலுக்கு எப்படியும் ரெண்டு பக்கமும் மூணு மூணு இஞ்ச் வெட்டணும். மேல தாங்குற லிண்டல் சுவர் முழுக்க ஓடுது, பயமில்ல. இந்த ஒரு ஜன்னல மட்டும் கடைசியா மாட்டுவோம். அது வழியா மேசையைக் கயித்துல ஏத்திடலாம்.” ஜன்னல்காரரும், சட்டத்தைத் தானே வந்து மாட்டித் தருவதாகச் சொன்னார். நேற்று முன்தினம் ரசீதோடு ஓடிய அதே மனிதர்தான்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் கதையாகவே இராது, அவ்வளவு ஒழுங்காக நடந்தது. பலகை வந்த அன்றே குழாயும் வந்தது. பன்னிரண்டாம் நாள் கூரைக்குக் கான்கிரீட் போட்டாயிற்று. அது இறுகுகிற நாட்களில் ஆட்களைச் சும்மா வைக்காமல் ரசமட்டம் வெளிப்பூச்சை முடித்தார். நடுவில் இரண்டு நாள் மழை பெய்தது. அப்போது உள்ளே சுவர் வெட்டுகிற வேலை நடந்தது. ஆபீசில் ஒருத்தர் தரைக் கல் இன்னும் மலிவாகக் கிடைக்கிற இடம் தனக்குத் தெரியும் என்று சொன்னபோது மூணு விலையின் கை போன் பக்கம் போனது உண்மை. ஆனால் எடுத்த கையாலேயே போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அவருக்கும் ஒரு வேலை கிடைத்தது. என்னால் ஆகவேண்டியது எதுவும் உண்டா என்று அவர் இரண்டு தடவை கேட்டபிறகு ரசமட்டம், “கூரைக்குக் காலையிலயும் சாயங்காலமும் தண்ணி விடுங்க சார். காயவிடக் கூடாது. அத நீங்க பாத்துக்கிட்டா எனக்கு ஒரு ஆள் மிச்சம்,” என்றார். மூணு விலை ஆபீஸ் போவதற்கு முன்னால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, குழாயைப் பிடித்துக்கொண்டு கூரைமேல் நின்றார். பதினெட்டு நாளில் ஒரு வேளைகூடத் தவறவில்லை. ஈரக் கான்கிரீட்டின் வாசனை அவருக்குப் பிடித்துப் போயிற்று. ஆபீசில் செங்கல் விலையைச் சொல்வதை நிறுத்திவிட்டு, கூரைக்கு எப்படித் தண்ணீர் விடவேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார். கேட்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

நூற்றுப் பதினேழாம் நாள் மேசை ஏறியது. தெருவில் ஆறு பேர், மேலே நாலு பேர், இரண்டு கயிறு. மச்சான் கடையை மூடிவிட்டு வந்து, ஒரு கயிற்றையும் தொடாமல் எல்லாருக்கும் வழி சொல்லிக்கொண்டிருந்தார். மேசை ஜன்னல் இடத்தில் கொஞ்சம் சாய்ந்தது, உரசாமல் உள்ளே நுழைந்தது. ரசமட்டம் ரசமட்டக் குழலை மேசைமேல் வைத்துப் பார்த்து, ஒரு காலுக்கடியில் அட்டைத் துண்டு ஒன்றைச் செருகினார். அன்று சாயங்காலமே கடைசி ஜன்னலும் மாட்டியாயிற்று. மறுநாள் மெஷின்கள் வந்தன. அதற்கு மறுநாள் தையல்காரம்மா கொட்டகைச் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

சீருடை ஆர்டர் தொடங்குகிற காலையில் ஆறு பெண்களும் செருப்பைப் படியடியில் விட்டுவிட்டு மேலே வந்தார்கள். ஜன்னலைத் திறந்து திறந்து மூடினார்கள். யார் எங்கே உட்காருவது என்று கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. வயதில் மூத்தவர், கழுத்துப்பட்டை தைக்கிறவர், ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டார். யாரும் மறுக்கவில்லை. மூணு விலை ஆபீசுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வாசலோரம் நின்றார். நின்று பார்க்கத்தான் அவருக்கு ஆசை.

தையல்காரம்மா துணியை எட்டு மடிப்பாக விரித்து, சுண்ணாம்பால் கோடிழுத்து, பெரிய கத்திரியை வைத்தார். கை நிற்கவே இல்லை. வெட்டிய துண்டு வலது பக்கம் போயிற்று, அங்கிருந்து ஒருத்தியிடம் கை, இன்னொருத்தியிடம் முதுகு. கை தைத்தவள் நிமிர்ந்தபோது முதுகு தைத்தவள் நீட்டிக்கொண்டிருந்தாள். நூல் தீரப்போகிறவளுக்கு அவள் கேட்பதற்கு முன்னாலேயே நூல் வந்தது. ஒருத்திக்காக இன்னொருத்தி காத்திருக்கவில்லை. “அக்கா, இது சின்ன சைஸா?” என்று யாரோ கேட்டபோது, தலை நிமிராமலே, “பாக்கெட் பக்கம் பாரு, கோடு போட்டிருக்கேன்,” என்று பதில் வந்தது.

மூணு விலை வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். ஆறு பேர் வேலையை நடுவில் ஓர் ஓட்டையும் இல்லாமல் சேர்த்துக் கட்டுகிற ஆள், இருபத்திரண்டு வருஷமாக அவரோடு ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவரை உறைகளுக்குக் கையெழுத்துப் போட வைத்திருக்கிறார் இவர். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பெருமையாக இருந்தது.

“நீ வேலை செஞ்சு நான் பாத்ததே இல்ல,” என்றார்.

“நாலு தெருதானே. வந்திருக்கலாம்.”

“நீ கூப்பிடலையே.”

“நீங்க கேக்கலையே,” என்றார் தையல்காரம்மா. கோபமாகச் சொல்லவில்லை. கோடு இழுத்துக்கொண்டேதான் சொன்னார்.

மூணு விலை மேசைக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “இப்ப என்ன வெட்டுற? எனக்குச் சொல்லு,” என்று கேட்டார்.

தையல்காரம்மா கத்திரியை நிறுத்தி, அவர் நிஜமாகத்தான் கேட்கிறாரா என்று முகத்தைப் பார்த்தார். பிறகு துணியை அவர் பக்கம் திருப்பி வைத்து, முதல் கோட்டிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.